விழித்திருந்த நோயாளிகள்

1952-ஆம் ஆண்டின் கோடையில் கோபன்ஹேகன் நகரத்தை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. தொற்றுநோய்களுக்கென்றே இருந்த பிளெக்டாம் மருத்துவமனையில், நோய் உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 50 பேர் வரை வந்து சேர்ந்தார்கள். மூச்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்தவர்களுக்கு அங்கே இருந்தவை, உடலை உள்ளே வைத்து மூச்சு விட வைக்கும் ஓர் இரும்பு நுரையீரல், மார்பில் கவசம்போல மாட்டும் ஆறு கருவிகள், அவ்வளவுதான். முதல் மூன்று வாரங்களில் இவற்றில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

ஏன் இறக்கிறார்கள் என்பதே மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. ரத்தத்தில் பைகார்பனேட் ஏறியிருந்தது. காரத்தன்மை கூடிவிட்டது, வைரஸ் மூளையைத் தாக்கியதால் நேர்ந்த ஏதோ கோளாறு என்று எண்ணினார்கள். தலைமை மருத்துவர் லாஸன் கடைசியில் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரை அழைத்தார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து நிபுணருக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வேலை கிடையாது. அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்பது என்பதே பெரிய மனசு. பிரேதப் பரிசோதனைகளைப் பார்த்த இப்சன், நுரையீரல் ஒன்றும் அப்படிக் கெட்டுப்போகவில்லை, மூச்சு போதாமல் கரியமில வாயு உள்ளேயே தேங்கித்தான் சாகிறார்கள் என்றார். காரம் கூடியதாகத் தெரிந்தது, உடம்பு அந்த வாயுவைச் சமாளிக்கப் பார்த்ததன் அடையாளம்.

ஆகஸ்ட் 27 அன்று, சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் செருகி, அதன் முனையில் ரப்பர் பையை மாட்டி, கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார் இப்சன். அவள் திணறினாள், எதிர்த்தாள். மயக்க மருந்து கொடுத்தார். அவளுடைய சொந்த மூச்சு முழுதும் அடங்கியபின் அவர் அழுத்திய மூச்சு தடையில்லாமல் இறங்கியது. உடல் நிறம் மாறியது. சிறுமி பிழைத்தாள்.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் பையை யார் அழுத்துவது? ஒரு கட்டத்தில் 70 நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில், இரவும் பகலும், நிற்காமல் அழுத்தியாக வேண்டும். மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து வந்து, படுக்கையருகே உட்கார்ந்து, கையாலேயே அந்த நகரத்துக்கு மூச்சு விட்டார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. 1953 டிசம்பரில் அதே நகரத்தின் நகராட்சி மருத்துவமனையில் இப்சன் திறந்த தனிப்பிரிவைத்தான் உலகத்தின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலரும் குறிப்பிடுகிறார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பொதுவாக ரப்பர் பையோடு நிறுத்திவிடுவார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. முதல் நாள் அந்தச் சிறுமிக்கு மருந்து தேவைப்பட்டது உண்மை. ஆனால் அதன்பின் வாரக்கணக்கில் பையின் தயவில் உயிர் வாழ்ந்தவர்கள் விழித்திருந்தார்கள். இளம்பிள்ளை வாதம் தசையை முடக்கும், அறிவை முடக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் அவர்களுக்குப் புத்தகம் படித்துக் காட்டினார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். குழந்தையின் கண்ணைப் பார்த்தே இன்னும் கொஞ்சம் காற்று வேண்டுமா என்று தெரிந்துகொண்டார்கள். தீவிர சிகிச்சை என்ற துறை பிறந்தபோது அதில் இயந்திரம் ஏறக்குறைய இல்லை. நோயாளி விழித்திருந்தார், அவர் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார்.

அந்த ஆள் போய் இயந்திரம் வந்தது. வரத்தான் வேண்டும். 1,500 மாணவர்களைப் படிப்பை விட்டுவிட்டு ஆண்டு முழுதும் பை அழுத்தச் சொல்ல முடியாது. ஐம்பதுகளிலேயே ஸ்வீடனின் எங்ஸ்ட்ரோம் வென்டிலேட்டர் பரவியது. அறுபதுகளில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஐ.சி.யூ.க்கள் எழுந்தன. டென்வரில் தாமஸ் பெட்டி என்ற நுரையீரல் மருத்துவர் 1964-இல் அப்படி ஒரு பிரிவைத் தொடங்கினார். விபத்துக்கும் தொற்றுக்கும் பின் நுரையீரல் திடீரென்று நீர் கோத்து விறைத்துப்போகும் நோயை, 12 நோயாளிகளை வைத்து 1967-இல் முதன்முதலாக விவரித்த குழுவில் அவரும் ஒருவர். இன்று அதை ஏ.ஆர்.டி.எஸ். என்கிறோம். கொரோனாவின்போது நம் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்ட பெயர் அது.

அதே பெட்டி 1998-இல் ஒரு மருத்துவ இதழில் தலையங்கம் எழுதினார். தாங்கள் தொடங்கிய நாட்களில் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் விழிப்போடு இருந்தார்கள், நாற்காலியில் உட்காரவும் செய்தார்கள், இப்போது ஐ.சி.யூ.க்குள் போனால் அசைவற்றுப் படுத்திருக்கும் உடல்களையே பார்க்கிறேன், மானிட்டர் மட்டும் இல்லையென்றால் இறந்தவர்கள் என்றே தோன்றும் என்ற பொருளில் வருந்தியிருந்தார். துறையை உருவாக்கியவர்களில் ஒருவர் முப்பது வருடம் கழித்து அதே அறைக்குள் நின்று சொன்னது அது.

இடையில் என்ன நடந்தது? யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்துவிடவில்லை. எழுபது, எண்பதுகளின் வென்டிலேட்டர்கள் முரடு. நோயாளி உள்ளே இழுக்கும்போது அது வெளியே தள்ளும். இரண்டும் முட்டிக்கொள்ளும்போது அலாரம் அடிக்கும். நோயாளியை அசையாமல் வைத்துவிட்டால் இயந்திரம் ஒழுங்காக ஓடும். மிடாசோலம், லோரசெபாம் போன்ற மயக்க மருந்துகள் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து இறங்கின. தசையை முடக்கும் மருந்தும் சில சமயம் சேர்ந்துகொண்டது. தொண்டையில் குழாயோடு விழித்திருப்பது கொடுமை, தூங்க வைப்பதே கருணை என்று டாக்டர்களும் நம்பினார்கள், செவிலியர்களும் நம்பினார்கள், உறவினர்களும் நம்பினார்கள். போதாக்குறைக்கு, தூங்குகிற நோயாளி குழாயைப் பிடுங்க மாட்டார், மணியடித்துக் கூப்பிட மாட்டார். ஆள் குறைந்த வார்டில் இது சிறிய வசதி அல்ல.

அந்த ஐ.சி.யூ.வின் இன்னொரு குணம், எண்களைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற துடிப்பு. உயிருக்குப் போராடுகிறவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் ஏற்று, ஹீமோகுளோபின் குறைந்தால் ரத்தம் போடு, சுகர் கூடினால் இன்சுலின் போட்டு நல்ல உடம்புக்காரரின் அளவுக்கே இறக்கு, இதயத்துக்குள் குழாய் விட்டு உள்ளழுத்தம் பார். ஒவ்வொன்றுக்கும் நல்ல தர்க்கம் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து இந்தத் தர்க்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து நேருக்கு நேர் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் மருத்துவர்களைச் சங்கடப்படுத்தின.

1999-இல் கனடாவில் 838 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனதும் ரத்தம் ஏற்றியவர்களைவிட, 7 வரை பொறுத்திருந்தவர்கள் ஒன்றும் மோசமாகிவிடவில்லை. அதுவரை அந்த மூன்று புள்ளிகளுக்காக ஏற்றிய பாட்டில்களுக்குக் கணக்கே கிடையாது. 2001-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஆய்வு ஒன்று சுகரை இறுக்கிப் பிடித்தால் உயிர் பிழைக்கும் என்றது. உலகமே இறுக்கிப் பிடித்தது. 2009-இல் 6,104 நோயாளிகளை வைத்துப் பெரிய அளவில் பார்த்தபோது, இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 விழுக்காட்டினர் இறந்தார்கள், விட்டுப்பிடித்தவர்களில் 24.9. எட்டு வருடம் நல்லது என்று நினைத்துச் செய்தது ஆட்களைக் கொன்றிருக்கிறது என்பதை ஒரு துறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு கையை எடுத்தது. மருத்துவத்தில் எனக்கு மரியாதை கூடுவது இதுபோன்ற இடங்களில்தான்.

எல்லாவற்றிலும் பெரியது நுரையீரல் சங்கதி. ஏ.ஆர்.டி.எஸ். வந்தவர்களுக்கு ஒவ்வொரு மூச்சிலும், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 12 மில்லி அல்லது அதையொட்டிய அளவில் காற்றை அடித்து ஊதுவது வழக்கமாக இருந்தது. ரத்தப் பரிசோதனை அழகாக வரும். 2000-இல் அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதைப் பாதியாக, 6 மில்லியாகக் குறைத்துப் பார்த்தது. அதுவும் இப்போதைய எடைக்கு அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்கு. தொப்பை போட்டால் நுரையீரல் வளராது அல்லவா. 861 பேர் சேர்ந்த நிலையிலேயே ஆய்வை நிறுத்திவிட்டார்கள், வித்தியாசம் அவ்வளவு தெளிவு. பழைய முறையில் 39.8 விழுக்காட்டினர் இறந்தார்கள். புதிய முறையில் 31. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. இருந்த இயந்திரத்தின் ஒரு திருகைக் குறைத்து வைத்ததில் பதினோரு பேருக்கு ஒருவர் கூடுதலாகப் பிழைத்தார். நோயே கொல்கிறது என்று நினைத்த இடத்தில் சிகிச்சையும் சேர்ந்து கொன்றுகொண்டிருந்தது.

ஆய்வு வந்த மறுநாளே எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2016-இல் 50 நாடுகளின் 459 ஐ.சி.யூ.க்களைப் பார்த்தபோதும், இந்த நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக்கூட 8 மில்லிக்கு உட்பட்ட மூச்சு கிடைக்கவில்லை. நோயையே பத்தில் நான்கு பேரிடம் மருத்துவர்கள் அடையாளம் காணவில்லை. 

உயிரோடு வீடு திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று அதுவரை பெரிதாக யாரும் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் என்பதே வெற்றி. டொரொன்டோவின் மார்கரெட் ஹெரிட்ஜ் 109 பேரைப் பின்தொடர்ந்து 2003-இல் எழுதினார். ஐ.சி.யூ.வை விட்டு வந்தபோது அவர்கள் உடல் எடையில் 18 விழுக்காட்டை இழந்திருந்தார்கள். ஒரு வருடத்தில் நுரையீரல் பெரும்பாலும் தேறிவிட்டது. தேறாதது காலும் கையும். ஆறு நிமிடம் நடக்கச் சொன்னால் தங்கள் வயதுக்காரர் நடக்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நடந்தார்கள். பாதிப் பேர் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அவர்களின் இடைநிலை வயது 45-தான்.

உடம்பு மட்டுமா? அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் வெஸ் ஈலியின் குழு, மருந்து மயக்கத்தில் இருப்பவர்களின் புத்தி எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியது. பேச முடியாதவரிடம் சில எளிய கேள்விகளைக் கேட்டு, கையை அழுத்தச் சொல்லியே சித்தக்குழப்பத்தைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றை 2001-இல் கொண்டுவந்தார்கள். அதுவரை கூச்சல் போட்டுக் குழாயைப் பிடுங்குகிறவர்தான் குழம்பியவர் என்று நினைத்திருந்தார்கள். அமைதியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் உள்ளே பயங்கரமான கனவுகளில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளிவந்தது. செவிலியர் தன்னைக் கடத்தி வந்திருக்கிறார், படுக்கையில் பூச்சிகள் ஊர்கின்றன, வீட்டார் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்றெல்லாம் பிழைத்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். 2013-இல் 821 பேரை வைத்து வந்த ஆய்வில் நான்கில் மூன்று பேருக்கு ஆஸ்பத்திரியிலேயே சித்தக்குழப்பம் இருந்தது. மூன்று மாதம் கழித்து, பத்தில் நான்கு பேரின் நினைவும் சிந்தனையும் தலையில் நடுத்தரமாக அடிபட்டவர்களின் அளவுக்கு மங்கியிருந்தன. நுரையீரல் தொற்றுக்காக உள்ளே போன ஒருவர், வீட்டுக் கணக்கைப் போட முடியாதவராக வெளியே வந்தார்.

இதற்கான மாற்று சிகாகோவில் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 2000-இல் கிரெஸ் என்பவரின் குழு, தினமும் காலையில் ஒருமுறை மயக்க மருந்தை அப்படியே நிறுத்திப் பார்த்தது. நோயாளி கண் திறக்கிறாரா, சொன்னதைச் செய்கிறாரா என்று பார்த்துவிட்டு, தேவையென்றால் மட்டும் பாதி அளவில் மறுபடி தொடங்குவது. வென்டிலேட்டரில் இருந்த நாட்கள் 7.3-லிருந்து 4.9-ஆகக் குறைந்தன. விழித்தால் பயந்துபோவார்கள், மனசில் தழும்பு விழும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அவர்களையே பின்தொடர்ந்து பார்த்தபோது, தினமும் எழுப்பப்பட்டவர்களுக்குத்தான் மனத்தழும்பு குறைவு. நடந்தது ஞாபகமில்லாதவரை வாட்டியது நிஜத்தைவிடக் கனவு. 2008-இல் ஈலியின் குழு, எழுப்புவதோடு வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சுவிட்டுப் பார்க்கும் சோதனையையும் தினமும் சேர்த்துச் செய்தது. ஒரு வருட முடிவில், இப்படிக் கவனிக்கப்பட்ட ஏழு பேருக்கு ஓர் உயிர் கூடுதலாக மிஞ்சியது. அடுத்த வருடம் வந்த இன்னோர் ஆய்வில், குழாயோடேயே படுக்கையில் உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்க வைத்துப் பார்த்தார்கள். தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் வீடு போனவர்கள் 35 விழுக்காட்டிலிருந்து 59 ஆனார்கள்.

மறுபடியும் டென்மார்க். 2010-இல் ஓடென்ஸ மருத்துவமனையில், வலிக்கு மார்ஃபின் மட்டும் கொடுத்து, மயக்க மருந்தே இல்லாமல் வென்டிலேட்டரில் வைத்தார்கள். வென்டிலேட்டர் இல்லாத நாட்கள் கூடின. கொந்தளித்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல ஓர் ஆளைப் போட்டார்கள். 1952-இன் மாணவர் வேறு உடையில் திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் உற்சாகத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. 2020-இல் 700 பேரை வைத்து அதையே பெரிதாகச் செய்தபோது, இலேசான மயக்கத்தில் வைத்துத் தினமும் எழுப்புவதற்கும், மயக்கமே இல்லாமல் வைப்பதற்கும் சாவு எண்ணிக்கையில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. ஆழ்ந்த மயக்கம்தான் எதிரி. இலேசாக இருந்தால் போதும்.

மேலே சொன்னவற்றிலெல்லாம் ஆஸ்பத்திரி செய்ததைக் குறைத்துக்கொண்டது. கூட்டிக்கொண்ட விஷயங்களும் உண்டு, அவையும் விலை உயர்ந்தவை அல்ல. கழுத்திலோ தோளிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் சென்ட்ரல் லைன் வழியே கிருமி ஏறிச் சாவது ஐ.சி.யூ.வின் பழைய சாபம். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பீட்டர் புரோனோவோஸ்ட் ஐந்தே வேலைகளை எழுதிக் கொடுத்தார்: கை கழுவு, நோயாளியின் உடம்பு முழுக்கத் துணி போர்த்தி முழு உடுப்போடு செய், குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடை, தொடை வழியைத் தவிர், தேவையில்லாத லைனை உடனே எடு. இவற்றில் எதுவும் எந்த டாக்டருக்கும் தெரியாதது அல்ல. புதிது என்னவென்றால், ஒன்றை விட்டுவிட்டால் டாக்டரை நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்குத் தரப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தின் 103 ஐ.சி.யூ.க்களில், ஆயிரம் லைன்-நாட்களுக்கு 7.7 என்றிருந்த தொற்று ஒன்றரை வருடத்தில் 1.4 ஆனது. இளம் சிஸ்டர் ஒருவர், சீனியர் டாக்டரைப் பார்த்து, “சார், நில்லுங்க, கை கழுவல” என்று சொல்லும் காட்சியை நம்மூரில் கற்பனை செய்து பாருங்கள். அந்தப் பட்டியலில் கடினமான வேலை எது என்று விளங்கும்.

இதுவரை உடம்பைப் பற்றி. இனி, பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவர்களைப் பற்றி.

1989-இல் அமெரிக்காவின் ஐந்து போதனா மருத்துவமனைகளில் ‘சப்போர்ட்’ என்ற பெயரில் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. மிக மோசமான நிலையில் சேர்ந்தவர்கள் 9,105 பேர். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்துவிட்டார்கள். முதல் இரண்டு வருடம் ஆய்வாளர்கள் வெறுமனே கவனித்தார்கள். கவனித்தது மனதை வாட்டக்கூடியது. இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க வேண்டாம் என்று விரும்பிய நோயாளிகள் இருந்தார்கள். அது அவர்களுடைய டாக்டருக்குத் தெரிந்திருந்ததா என்று பார்த்தால், 47 விழுக்காட்டினருக்குத்தான் தெரிந்திருந்தது. மீட்க வேண்டாம் என்ற உத்தரவுகளில் கிட்டத்தட்டப் பாதி சாவதற்கு இரண்டு நாளுக்குள் எழுதப்பட்டவை. இறந்தவர்களில் 38 விழுக்காட்டினர் குறைந்தது பத்து நாளை ஐ.சி.யூ.வில் கழித்திருந்தார்கள். நினைவோடு இறந்தவர்களில் பாதிப் பேர், கடைசி நாட்களில் குறைந்தது பாதி நேரம் நல்ல வலியில் இருந்ததாக வீட்டார் சொன்னார்கள்.

இரண்டாம் கட்டத்தில் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் நோயாளியோடும் வீட்டாரோடும் பேசி, அவர்கள் விருப்பத்தை டாக்டருக்குத் தெரிவிப்பார்கள். பிழைக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று கணக்குப் போட்டு டாக்டர் கையில் கொடுப்பார்கள். 1995-இல் முடிவு வந்தது. எதுவும் மாறவில்லை. உத்தரவு எழுதும் நாளும் மாறவில்லை, ஐ.சி.யூ. நாட்களும் மாறவில்லை, வலியும் குறையவில்லை. கோடிக்கணக்கான டாலர் செலவழித்த ஒரு முயற்சி தோற்றுவிட்டது என்று தலைப்பிட்டே எழுதலாம். எழுதினார்கள்.

என் கணிப்பில், மோசமான நோயாளிகளின் கவனிப்பில் அதற்குப் பிறகு நடந்த நல்ல மாற்றங்களில் பாதிக்கு அந்தத் தோல்விதான் காரணம். சோம்பேறித்தனத்தாலோ தகவல் இல்லாததாலோ டாக்டர்கள் பேசாமல் இருக்கவில்லை என்பது வெட்டவெளிச்சமானது. தகவல் மேசை மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு படுக்கையருகே போய் உட்காரத்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அதற்கான நேரமும் அவர்களின் நாளில் இல்லை. ஆகவே அதையே வேலையாகக் கொண்ட ஒரு துறை ஆஸ்பத்திரிக்குள் வந்தது. 2000-இல், 50 படுக்கைக்கு மேற்பட்ட அமெரிக்க மருத்துவமனைகளில் நான்கில் ஒன்றில்கூட நோய்த்தணிப்புக் குழு இல்லை. 2015-இல் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவமனைகளில் இருந்தது. நோய்த்தணிப்பு என்றதும் எல்லாம் கைவிட்ட பிறகு வருவது என்ற எண்ணத்தையும் ஓர் ஆய்வு அசைத்தது. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 151 பேரில், தொடக்கத்திலிருந்தே இந்தக் குழுவையும் பார்த்தவர்கள் கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். வாழ்ந்ததோ கூடுதலாக: 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். 2010-இல் பாஸ்டனில் நடந்தது இது.

பேச்சை எப்படிப் பேசுவது என்பதையே பிரான்ஸில் சோதித்தார்கள். 22 ஐ.சி.யூ.க்கள், சாகும் தறுவாயில் உள்ள 126 நோயாளிகளின் வீட்டார். ஒரு பிரிவினரிடம் வழக்கம்போலப் பேசினார்கள். இன்னொரு பிரிவினரிடம், சொல்வதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்ட வேண்டும், நோயாளி எப்படிப்பட்ட மனிதர் என்று விசாரிக்க வேண்டும், அழுகையை அழவிட வேண்டும் என்று பழக்கப்பட்ட டாக்டர்கள் பேசினார்கள். சந்திப்பு 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாக நீண்டது. அதில் வீட்டார் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து ஏறக்குறைய 14 நிமிடமானது. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, அந்தச் சாவின் நினைவால் மனம் சிதைந்தவர்கள் 69 விழுக்காட்டிலிருந்து 45 ஆகக் குறைந்திருந்தார்கள். கூடுதலாகச் செலவானது பத்து நிமிடமும் ஒரு சிறு துண்டறிக்கையும்.

இத்தனையும் கற்ற பிறகு 2020 வந்தது. கொரோனா வார்டுகளில் ஒரே வாரத்தில் காலம் பின்னோக்கி ஓடியது. கவச உடையோடு அடிக்கடி உள்ளே போக முடியாது, மருந்துக்குப் பற்றாக்குறை, புதுச் செவிலியர்கள். திரும்பவும் மிடாசோலம், திரும்பவும் ஆழ்ந்த மயக்கம். வீட்டாருக்குக் கதவு அடைப்பு. 14 நாடுகளின் 69 ஐ.சி.யூ.க்களில் 2,088 பேரை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சித்தக்குழப்பம். அதைக் கூட்டியது அந்த மருந்து வகை. குறைத்தது, நேரிலோ திரையிலோ வீட்டார் முகம் பார்த்தது. இருபது வருடப் பழக்கம் எவ்வளவு மெல்லியது என்பது அப்போது தெரிந்தது.

நம் ஊருக்கு வருவோம். இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 1993-இல் தொடங்கியது. சிறிய மூச்சு, குறைந்த மயக்கம், லைன் தொற்றுக் கணக்கு எல்லாம் நம் பெரிய ஐ.சி.யூ.க்களின் டாக்டர்களுக்கு நன்றாகவே தெரியும். அறிவில் குறையில்லை. குறை வேறிடத்தில். நோயாளியை விழிக்க வைத்தால் பக்கத்தில் ஆள் வேண்டும். ஒரு சிஸ்டர் மூன்று வென்டிலேட்டரைப் பார்க்கும் இடத்தில் மயக்க மருந்துதான் இரண்டாவது சிஸ்டர். வெளியே வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஃபிளாஸ்க்கோடு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் மனைவியோ அண்ணனோ ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்து ஐந்து நிமிடம் உள்ளே போய்ப் பார்க்கலாம். நோயாளியின் பெயர் சொல்லிக் கூப்பிடவும், இன்று வெள்ளிக்கிழமை, பேத்திக்குப் பரீட்சை முடிந்துவிட்டது என்று சொல்லவும் தகுதியான ஆள் அங்கேதான் சும்மா உட்கார்ந்திருக்கிறார். தொற்று வரும் என்பார்கள். வீட்டாருக்கு நேரத்தைத் தாராளமாகத் திறந்துவிட்ட பிரேசிலின் 36 ஐ.சி.யூ.க்களில் தொற்று கூடவில்லை. சித்தக்குழப்பமும் அங்கே சொல்லும்படியாகக் குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன.

முடிவெடுக்கும் பேச்சில் நம் தடை சட்டம் என்று டாக்டர்கள் சொல்லிவந்தார்கள். அது ஓரளவு உண்மையும்கூட. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மீளவே முடியாத நிலையில் செயற்கை உயிர்த்தாங்கலை நிறுத்தலாம், முன்கூட்டியே விருப்ப ஆவணமும் எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த நடைமுறை, மாஜிஸ்திரேட் கையெழுத்து, இருபது வருட அனுபவமுள்ள நிபுணர்கள் என்று ஏறக்குறைய யாரும் ஏற முடியாத படிக்கட்டாக இருந்தது. 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் எளிதாக்கியது. நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரி முன் எழுதினால் போதும். மருத்துவக் குழுவில் ஐந்து வருட அனுபவமுள்ளவர்கள் போதும். கூடியவரை 48 மணி நேரத்தில் குழு சொல்லிவிட வேண்டும். 2025 ஜனவரியில் கர்நாடக அரசு இதை மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை விட்டது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து நோய்த்தணிப்பு கவனிப்பை வீட்டு வாசலுக்கே கொண்டு போகிறது. ஆனால் ஐ.சி.யூ.வுக்குள் அந்தப் பேச்சு இன்னும் பில் கவுண்ட்டரில்தான் தொடங்குகிறது. பணம் தீர்ந்த நாளில் வீட்டார் ஒரு தாளில் “எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்” என்று கையெழுத்துப் போட்டு, நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அதுதான் நம்மிடையே பெரும்பாலும் நடக்கும் கடைசி முடிவு. வலிக்கு மருந்தில்லாமல், மூச்சுத்திணறலுக்கு ஒன்றுமில்லாமல். மூச்சுக்குழாயை எடுத்த பிறகு வரப்போகும் சில மணி நேரங்களை எப்படிச் சமாளிப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். வென்டிலேட்டருக்கு ஒரு நாள் கட்டணம் உண்டு. அந்த அரைமணிப் பேச்சுக்குப் பில்லில் வரியே கிடையாது.

வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் காலை ரவுண்ட்ஸ் முடிந்து வெளியே வரும் டாக்டரிடம் கேட்கக்கூடியவை உண்டு. இன்றைக்கு மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தீர்களா? தானாக மூச்சு விட வைத்துப் பார்த்தீர்களா? எப்போது உட்கார வைப்பீர்கள்? அவருடைய மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் உள்ளே கொடுத்துவிடட்டுமா? தேறமாட்டார் என்று உங்களுக்குத் தோன்றினால் எங்களை எப்போது உட்கார வைத்துச் சொல்வீர்கள்? பணிவாகக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டர்கள் குறைவு. பலருக்கு, யாராவது இதைக் கேட்டால் தேவலை என்றே இருக்கும்.